ஒரு குடம் நீரின் கணக்கு

மழை பொய்த்த ஆண்டில் தண்ணீரைப் பற்றிப் பேசாதவர் எவரும் இல்லை. மழை நன்கு பெய்த ஆண்டில் அதைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே. பஞ்சத்தில் கற்ற பாடத்தை முதல் மழையிலேயே மறந்துவிடும் இயல்பு நம்மிடம் உண்டு. ஆகவே, வறட்சிக் காலத்தில் வீட்டிலும் தோட்டத்திலும் நீரைச் சேமிக்கும் வழிகளைப் பற்றி, மாணவர்களாகிய உங்களிடம் இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

சென்னை நகரத்தையே எடுத்துக்கொள்வோம். 2018ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை அங்கே குறைந்துபோயிற்று. அதன் விளைவு 2019ஆம் ஆண்டுக் கோடையில் தெரிந்தது. நகருக்குக் குடிநீர் அளிக்கும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஜூன் மாதத்தில் ஏறக்குறைய வற்றிக் கிடந்தன. ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்கள் கோத்த ரயில் ஒன்று, ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. கேட்பதற்கு இது பெருந்தொகையாகத் தோன்றும். நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவது நம் நாட்டு வழக்கம். அந்த அளவில் பங்கிட்டால், ரயில் சுமந்து வந்த நீர் ஏறக்குறைய 18,500 பேருக்கு ஒரு நாளைக்கே போதுமானது!

“இத்துணைப் பெரிய நகரத்தில் நான் ஒருவன் ஒரு குடம் நீரை மிச்சப்படுத்தினால் பஞ்சம் தீர்ந்துவிடுமா?” என்று உங்களுள் ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். விடை நம் காலடியில், மண்ணுக்குள் இருக்கிறது.

ஏரி வற்றினால் குழாயில் வரும் நீர் குறைகிறது. குழாய்நீர் குறைந்தால் எல்லோரும் நிலத்தடி நீரை நாடுகிறோம். என் வீட்டு மனைக்கு வேலி உண்டு. ஆனால் அதன் அடியில் உள்ள நீருக்கு வேலி இல்லை. நான் மோட்டாரை வைத்து இறைக்கும்போது, பக்கத்து வீட்டுக் கிணற்று நீரும், தெருமுனையிலுள்ள அடிகுழாயின் நீரும் சேர்ந்தே இறங்குகின்றன. ஆழமாகத் துளை போட்டவனுக்கு நீர் கிடைக்கிறது. அடிகுழாயை நம்பியவனுக்குக் காற்றுத்தான் வருகிறது.

கடற்கரை ஊர்களில் இன்னொரு கேடும் உண்டு. அங்கே நிலத்தடியில் நன்னீர், உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கைபன், ஹெர்ஸ்பெர்க் என்னும் இரு ஐரோப்பியர் இதற்கு ஓர் எளிய கணக்கை வகுத்தனர். ஒரு குறிப்பிட்ட அளவு நன்னீரின் எடை 1,000 என்றால், அதே அளவு கடல்நீரின் எடை ஏறத்தாழ 1,025. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 25. 1,000ஐ 25ஆல் வகுத்தால் 40. அதாவது, கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும். மறுபுறமும் எண்ணிப் பாருங்கள். இறைத்து இறைத்து நீர்மட்டத்தை ஓர் அடி இறக்கிவிட்டோமானால், நாளடைவில் கீழிருந்து உப்புநீர் 40 அடி மேலேறி வர இடங்கொடுக்கிறோம். நிலத்தடி நீர்ப்படுகை ஒருமுறை உப்பாகிவிட்டால், அதை மீண்டும் இனிப்பாக்குவது ஒரு பருவமழையால் முடிகிற காரியம் அன்று. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி நீர் இறைக்கப்பட்டதால், கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. ஒரு குடம் நீரை மிச்சப்படுத்துகிறவன் தன் வீட்டுக்காக மட்டும் அதைச் செய்யவில்லை என்பது இதனால் விளங்கும்.

அந்தக் கோடையில் லாரித் தண்ணீருக்காகக் குடங்கள் வரிசையாய் நிற்பதையும், குடத்தின் பக்கத்தில் பெண்பிள்ளைகள் புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டிருப்பதையும் நான் கண்டிருக்கிறேன். பள்ளிக்கூட மணியைப் பார்த்து லாரி வருவதில்லை. அதே தெருவில் ஒரு வீட்டின் மாடித் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. வழிந்த நீர் யாருடைய நீர் என்பதை நீங்களே சிந்தித்துக்கொள்ளுங்கள்.

இனி, வீட்டுக்குள் வருவோம். சிக்கனத்தின் முதற்படி அளந்து பார்ப்பது. நம் வீடுகளில் புழங்கும் குடம் ஒன்று சுமார் 15 லிட்டர் கொள்ளும். ஆகவே 135 லிட்டர் என்பது ஒன்பது குடம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் கடும் வறட்சி நேர்ந்தபோது, 2018 பிப்ரவரி முதல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு கட்டினார்கள். அது மூன்று குடத்துக்குச் சற்று அதிகம். குளியல், சமையல், துணி துவைத்தல், கழிப்பறை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வரம்பை மீறியவர்களும் இருந்தார்கள். ஆயினும் ஊர் முழுவதும் முயன்றதால், குழாய்களை அடைத்துவிட்டு மக்களை வரிசையில் நிறுத்தும் நாள் வராமலே தப்பியது.

ஷவரின் கீழ் நின்றால் நிமிடத்துக்கு எட்டு முதல் பத்து லிட்டர் வரை நீர் ஓடுகிறது. பத்து நிமிடக் குளியலில் ஆறு குடம் போய்விடும். வாளியும் செம்பும் வைத்துக்கொண்டால் ஒன்றரைக் குடத்தில் குளியல் முடிந்துவிடும். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டே மூன்று நிமிடம் பல் துலக்குகிறவர், தாம் அறியாமலே ஒரு குடத்துக்கு மேல் சாக்கடையில் விடுகிறார். கழிப்பறைத் தொட்டிக்குள், அதன் நெம்புகோலில் முட்டாதபடி, நீர் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் புட்டியை வைத்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் மிச்சம். ஐவர் உள்ள வீட்டில் நாள்தோறும் ஒரு குடத்துக்குக் குறையாது.

சொட்டும் குழாயையும் அளந்து பார்க்கலாம். அதன் கீழ் 200 மில்லிலிட்டர் கொள்ளும் டம்ளரை வையுங்கள். அது இருபது நிமிடத்தில் நிறைந்தால், மணிக்கு 600 மில்லிலிட்டர். நாளைக்கு 14 லிட்டருக்கு மேல். ஒரு குடம் நீர் ஓசையின்றிப் போகிறது! அதைத் தடுக்கத் தேவைப்படுவது பெரும்பாலும் சில ரூபாய் விலையுள்ள ஒரு வாஷர்தான்.

அடுத்த படி, ஒரு நீருக்கு இரண்டு வேலை கொடுப்பது. அரிசி களைந்த நீரும் காய்கறி அலம்பிய நீரும் நேரே செடிக்குப் போகலாம். துணியைக் கடைசியாக அலசிய நீர் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் உதவும். குடிநீரைச் சுத்தம் செய்யும் கருவி வைத்திருப்பவர்கள், அது வெளியேற்றும் நீரை ஒரு வாளியில் பிடித்துப் பாருங்கள். ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியேறுவது உண்டு. அதில் உப்பு மிகுந்திருப்பதால் செடிக்கு ஏற்றதன்று. பாத்திரம் தேய்க்கவும் தரை கழுவவும் பயன்படும். குளித்த நீரை வாழைக்கும் கல்வாழைக்கும் பாய்ச்சலாம். ஆனால் சில எச்சரிக்கைகள் வேண்டும். அந்நீரை ஒரு நாளைக்கு மேல் தேக்கி வைத்தால் நாற்றமெடுக்கும், கொசுவும் வரும். கீரைப் பாத்திக்கு அதை விடலாகாது. வெளுக்கும் தூள் கலந்த நீரை எந்தச் செடிக்கும் ஊற்றலாகாது. சோப்பின் உப்பு மண்ணில் படியாதிருக்க, இடையிடையே நல்ல நீரும் பாய்ச்ச வேண்டும்.

தோட்டத்துக்கு வருவோம். தோட்டத்தில் நீரைச் சேமிக்கும் தொட்டி மண்ணே. வெயில் நேரே படும் வெற்று மண்ணிலிருந்து நீர் ஆவியாய்ப் போய்விடுகிறது. சருகு, வைக்கோல், தென்னை மட்டை ஆகியவற்றால் செடியின் அடியை மூடி வைப்பதை மூடாக்கு என்பார்கள். நான்கு விரற்கடை கனத்துக்கு மூடாக்கு இட்டால் மண் குளிர்ச்சியாய் இருக்கும், களையும் குறையும். தேங்காய் உரிமட்டையில் உள்ள சோறு, தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். அதைக் குப்பையில் எறிவது, நீர்த்தொட்டியைக் குப்பையில் எறிவதற்கு ஒப்பாகும்.

நண்பகலில் நீர் பாய்ச்சாதீர்கள். விடியற்காலையோ மாலையோ பாய்ச்சுங்கள். நாள்தோறும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே படரும். ஒருநாள் தவறினாலும் செடி வாடும். சில நாளுக்கு ஒருமுறை ஆழமாக நனையும்படி விட்டால், வேர் நீரைத் தேடிக் கீழே இறங்கும். அத்தகைய செடியே கோடையைத் தாங்கும்.

இன்னொரு பழைய முறையும் உண்டு. மெருகும் வண்ணமும் பூசாத மண்பானை ஒன்றைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, மூடி வைத்து, சுற்றிலும் பூசணி, வெள்ளரி, அவரை போன்றவற்றை நட வேண்டும். பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசியும். சுற்றியுள்ள மண் காய்ந்திருந்தால் அது நீரை மிகுதியாக ஈர்க்கும். ஈரமாயிருந்தால் கசிவு தானே குறைந்துவிடும். செடிக்கு வேண்டிய அளவை மண்ணே கேட்டு வாங்கிக்கொள்கிறது! ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீன உழவு நூல் ஒன்று இம்முறையைக் கூறுகிறது.

நீர் மிகவும் குறைந்துவிட்டால் எதைக் காப்பாற்றுவது? மரங்களை முதலில் காக்க வேண்டும். பூச்செடியை அடுத்த பருவத்தில் மீண்டும் நடலாம். பட்டுப்போன மாமரத்தையும் தென்னையையும் மீண்டும் காண ஆண்டுகள் பல ஆகும். புல்வெளி காய்ந்தால் காயட்டும். மழைக்குப் பின் பெரும்பாலும் அது தானே தளிர்க்கும்.

இறுதியாக, வறட்சிக்கு ஆயத்தம் செய்ய வேண்டிய காலம் மழைக்காலமே. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால், அது சரியாக ஒரு லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் விழுவது 1,40,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,12,000 லிட்டர் எஞ்சும்; அதாவது, ஏறத்தாழ 7,500 குடம்! 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் குழாயில் சருகும் குழியில் சேறும் அடைத்திருந்தால், சட்டம் இருந்தும் நீர் தெருவுக்குத்தான் ஓடும்.

ஆகவே, மாணவ நண்பர்களே, உங்களுக்கு இரண்டு வேலைகள் சொல்கிறேன். ஒரு வாரம், உங்கள் வீட்டில் எந்த வேலைக்கு எத்தனை குடம் செலவாகிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். ஐப்பசி பிறக்குமுன் ஒருநாள் மாடியைப் பெருக்கி, மழைநீர்க் குழியைத் திறந்து, மேலே படிந்த சேற்றை அகற்றி, மணலையும் ஜல்லியையும் கழுவிப் போடுங்கள். குழி ஆழமானால் பெரியவர்களைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் இறங்கும் நீர் உங்கள் கிணற்றோடு நின்றுவிடாது. தெருமுனை அடிகுழாய்க்கும் போய்ச் சேரும்.