பன்றி, நுளம்பு, மனிதன்: யப்பான் மூளையழற்சி காட்டும் தொற்றுப் பாதை

விலங்குகளிலிருந்து மனிதரை வந்தடையும் நோய்களைப் பற்றிப் பேசுமிடத்து, பழி பெரும்பாலும் விலங்கின் மீதே சுமத்தப்படுகின்றது. பன்றியால் வந்த நோய், வௌவாலால் வந்த நோய் என்றவாறு கூறி அமைந்துவிடுகின்றோம். ஆயின் பன்றியும் வௌவாலும் நெடுங்காலமாக மனிதருக்கு அண்மையில் வாழ்ந்து வருபவை. நோய் மட்டும் ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெடித்தெழுந்தது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், விலங்கையும் மனிதனையும் இணைத்த பாதையையும், அப்பாதையைத் திறந்துவிட்ட சமூக, பொருளாதார ஏற்பாடுகளையும் நோக்குதல் வேண்டும். நுளம்பினாற் பரவும் யப்பான் மூளையழற்சி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

வைரசின் சுழற்சி

இந்நோய் யப்பானில் 1871ஆம் ஆண்டளவிலேயே அறியப்பட்டிருந்தது. 1924இல் அங்கு பெருங்கொள்ளை நோயாகப் பரவியது. நோய்க்குரிய வைரசு 1930களில் பிரித்தெடுக்கப்பட்டது. வயல்களிற் பெருகும் கியூலெக்சு இன நுளம்பே அதன் காவி என்பதும் அப்பத்தாண்டிலேயே புலனாயிற்று. எனினும் இரு தொற்றுக் காலங்களுக்கிடையே வைரசு எங்கே பெருகுகின்றது என்பது 1950களில் யப்பானில் நடந்த கள ஆய்வுகளின் பின்னரே தெளிவாயிற்று. நீர்நிலைகளை அண்டி வாழும் கொக்கு, இராக்கொக்கு முதலிய பறவைகளும் வளர்ப்புப் பன்றிகளுமே வைரசைப் பெருக்கும் விருந்து வழங்கிகள் என அவ்வாய்வுகள் காட்டின.

பன்றியின் இடம் இங்கு தனித்தன்மை வாய்ந்தது. தொற்றுண்ட பன்றியின் குருதியில் வைரசு சில நாள்களே தங்குகின்றது. ஆயினும் கடிக்கும் நுளம்புகளுக்குத் தொற்றை வழங்கப் போதிய அளவில் அது காணப்படுகின்றது. சினைப்பன்றிகள் குட்டிகளை இழக்க நேரிடினும், வளர்ந்த பன்றிகள் பொதுவாக நோயின் அறிகுறி எதனையும் காட்டுவதில்லை. எனவே உரிமையாளர் எதையும் ஐயுறுவதில்லை. இறைச்சிக்காக வளர்க்கப்படும் பன்றிகள் விரைவில் விற்கப்பட, நிர்ப்பீடனமற்ற புதிய குட்டிகள் ஆண்டுதோறும் அவற்றின் இடத்துக்கு வருகின்றன. வைரசுக்கு விளைநிலம் வற்றுவதேயில்லை.

மனிதனோ இச்சுழற்சியில் ஒரு முட்டுச் சந்து மட்டுமே. மனிதக் குருதியில் வைரசு நுளம்பைத் தொற்றச் செய்யும் அளவுக்குப் பெருகுவதில்லை. ஆகவே நோயாளியிடமிருந்து மற்றொருவருக்கு நோய் பரவுவதில்லை. தொற்றுண்டோரில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோரே கடும் நோய்க்கு ஆளாகின்றனர். ஆனால் அவ்வாறு ஆளானோரில் 20 முதல் 30 சதவீதத்தினர் வரை இறக்கின்றனர். உயிர் பிழைப்போரிலும் பலருக்கு வலிப்பு, உறுப்புச் செயலிழப்பு, அறிவுத்திறன் குறைபாடு என்பன நிலைத்துவிடுகின்றன. நோயுறுவோரிற் பெரும்பாலோர் சிறுவர்கள்.

தடுப்பூசி பற்றிய முக்கியமானதோர் உண்மையும் இதிலிருந்து பெறப்படும். சின்னமுத்து போன்ற நோய்களில், பெரும்பாலானோர் தடுப்பூசி பெறும்போது ஏனையோரும் ஓரளவு காக்கப்படுகின்றனர். யப்பான் மூளையழற்சியில் அது நிகழாது. ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளும் ஊசி பெற்று ஒரு குழந்தை மட்டும் விடுபட்டாலும், அக்குழந்தைக்குரிய ஆபத்து சிறிதும் குறைவதில்லை. வைரசு பன்றியிலும் பறவையிலும் முன்போலவே சுழன்றுகொண்டிருக்கும்.

அநுராதபுர அனுபவம்

1976இல் பொல்கொல்லைத் திசைதிருப்பல் வழியாக மகாவலி நீர் வட பகுதி வறள் வலயத்தை அடைந்தது. கலாவெவயை அண்டிய எச் வலயத்தில் நெற்செய்கை விரிவடைந்தது. குடியேறிய விவசாயக் குடும்பங்களின் வருவாயைப் பெருக்கும் நோக்குடன் சிறிய அளவிலான பன்றி வளர்ப்பும் ஊக்குவிக்கப்பட்டது. தனித்தனியே நோக்கின் இவை பயனுள்ள முயற்சிகளே. ஆனால் நீர் தேங்கிய வயல் நுளம்பைத் தந்தது. பன்றி வைரசைப் பெருக்கியது. இவை இரண்டுக்கும் அருகிலேயே குழந்தைகள் உறங்கும் வீடு அமைந்தது. முன்னர் தொலைவில் இருந்த மூன்று கண்ணிகள் இவ்வாறு ஒரே சங்கிலியாகப் பிணைக்கப்பட்டன.

1985ஆம் ஆண்டின் இறுதியில், பெரும்போக மழையோடு, அநுராதபுர மாவட்டத்தில் இந்நோய் பெருமளவில் தலைகாட்டியது. நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர், பலர் மாண்டனர். அடுத்து வந்த ஆண்டுகளில் அது மீண்டும் எழுந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மலிக் பீரிஸ், பீலிக்ஸ் அமரசிங்க முதலியோர் நோயாளர், பன்றிகள், நுளம்புகள் ஆகிய மூன்றையும் ஒருங்கே ஆராய்ந்து இச்சங்கிலியைத் தெளிவுபடுத்தினர். 1988 முதல் ஆபத்து மிகுந்த மாவட்டங்களின் சிறுவருக்குத் தடுப்பூசி வழங்கப்பட்டது. அதன் பின்னர் நோய் பெரிதும் தணிந்தது. எனினும், அணையும் வாய்க்காலும் வகுத்த திட்டத்தில் நுளம்பியலாளருக்கும் கால்நடை மருத்துவருக்கும் தொடக்கத்திலேயே உரிய இடம் கிடைத்திருப்பின் அவ்வுயிர்களிற் பலவற்றைக் காத்திருக்கலாம் என்றே கருத வேண்டியுள்ளது.

ஒரே விலங்கு, வேறொரு பாதை

பாதையை அறியாது விலங்கை மட்டும் அறிவதனால் விளையும் தீங்கை மலேசிய அனுபவம் உணர்த்தும். 1998 செப்டெம்பரில் அங்கு பன்றிப் பண்ணைத் தொழிலாளரிடையே மூளையழற்சி தோன்றியது. பன்றியும் மூளையழற்சியும் ஒருங்கே காணப்பட்டமையால் யப்பான் மூளையழற்சி என்றே முதலிற் கொள்ளப்பட்டது. நுளம்புக்குப் புகை அடிக்கப்பட்டது; தடுப்பூசியும் போடப்பட்டது. நோய் நிற்கவில்லை. கூர்ந்து நோக்கியோருக்குச் சில முரண்பாடுகள் புலப்பட்டன. நோயுற்றோர் சிறுவரல்லர், பன்றிகளைக் கையாளும் வளர்ந்த ஆண்களே பெரும்பாலோர். பன்றிகளும் இருமி நோயுற்றன.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் புதிய வைரசொன்று பிரித்தெடுக்கப்பட்டது. நீப்பா எனப் பெயர் பெற்ற அது பழந்தின்னி வௌவால்களுக்குரியது. பண்ணைகளை ஒட்டிப் பழமரங்கள் நடப்பட்டிருந்தமையால், வௌவால் கடித்துப் போட்ட பழங்கள் பன்றிகளை எட்டின. பன்றியிடமிருந்து நுளம்பின் துணையின்றி நேரடியாகவே தொழிலாளரைத் தொற்று அடைந்தது. நோயுற்ற 265 பேரில் 105 பேர் இறந்தனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. தவறான பாதையைக் காத்து நின்ற மாதங்களின் விலையைப் பண்ணைத் தொழிலாளரும் சிறு உடைமையாளருமே செலுத்தினர்.

டெங்கு மூன்றாவதொரு பாதையைக் காட்டுகின்றது. காட்டுக் குரங்குகளிடையே சுழன்ற வைரசிலிருந்து தோன்றிய அது, இன்று விலங்கின் துணையின்றியே மனிதனுக்கும் ஈடிசு நுளம்புக்குமிடையே நகரங்களில் நிலைபெற்றுவிட்டது. 2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். விலங்கிடமிருந்து வந்த தொற்று எப்போதும் முட்டுச் சந்திலேயே நின்றுவிடும் என எண்ணுதற்கில்லை என்பதற்கு இதுவே சான்று.

முடிவு

பன்றிகளை ஒழித்தலோ, கொக்குகளை விரட்டுதலோ தீர்வாகா. பன்றிப்பட்டிகளைக் குடியிருப்பிலிருந்து விலக்கி அமைத்தல், வயல்களுக்கு நீரை இடைவிட்டுப் பாய்ச்சி நுளம்புக் குடம்பிகளைக் குறைத்தல், பன்றிகளின் குருதியைச் சோதித்துத் தொற்றை முன்னறிதல், ஒரு குழந்தையும் விடுபடாது தடுப்பூசி வழங்குதல் ஆகியனவே பயன்தரும் வழிகள். பட்டியை இடம்மாற்றும் செலவை ஏழை விவசாயியின் தலையிற் சுமத்தாது, திட்டத்தின் செலவாகவே அரசு ஏற்றல் வேண்டும். நீர்ப்பாசனமும் கால்நடை வளர்ப்பும் மனித நலமும் வெவ்வேறு திணைக்களங்களின் கோப்புகளாகப் பிரிந்து கிடக்கலாம். வைரசு அப்பிரிவினை எதனையும் அறியாது.