மெக்ஸிகோ தேசத்துக் கெசதீயா

ஓர் உணவைச் சமைக்கும் முறையை அறிதல் ஒன்று. அம்முறை அங்ஙனம் அமைந்ததற்குக் காரணம் அறிதல் மற்றொன்று. மெக்ஸிகோ தேசத்தார் விரும்பியுண்ணும் கெசதீயா என்னும் சிற்றுணவை இவ்விரு வகையானும் ஈண்டு ஆராய்வோம்.

கெசதீயாவாவது யாதெனின், தொர்த்தியா என்னும் மெல்லிய அடையினுள் பாற்கட்டியை வைத்து மடித்துக் கல்லிலிட்டுச் சுடுவதாம். ஸ்பானிய மொழியில் பாற்கட்டியைக் குறிக்கும் கேசோ என்னும் சொல்லினின்று இப்பெயர் பிறந்தது. மாட்டிறைச்சியை உடன் சேர்ப்பதும் உண்டு. பாற்கட்டியும் மாட்டிறைச்சியும் அந்நாட்டிற்குப் பிற்காலத்து வரவுகளே. 1521-ஆம் ஆண்டில் ஸ்பானியர் தெனோச்தித்லான் நகரைக் கைப்பற்றிய பின்னரே அங்கு மாடுகள் பல்கின. அடைக்குரிய மக்காச்சோளமோ ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்னரே அம்மண்ணில் பயிரானது.

அச்சோளத்தை அவர்கள் வாளா அரைப்பதில்லை. சிறிது சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஓரிரவு ஊறவிட்டு, தோல் நீங்கக் கழுவிய பின்னரே அரைப்பர். இதற்கு நிஷ்தமால் என்று பெயர். சுண்ணாம்பு தோலை இளக்குகின்றது. மாவுக்கு ஒட்டுந்தன்மை தருகின்றது. அன்றியும், தானியத்தில் பிணிப்புண்டு கிடக்கும் நியாசின் என்னும் உயிர்ச்சத்தை உடல் ஏற்கும்படி விடுவிக்கின்றது.

இதன் அருமை பிறநாட்டார் பட்ட துன்பத்தால் விளங்கும். மக்காச்சோளம் கடல்கடந்து ஐரோப்பா புகுந்தபோது, சுண்ணாம்பிடும் வழக்கம் உடன்செல்லவில்லை. அத்தானியத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெல்லக்ரா என்னும் நோய் பற்றிற்று. தோல் வெடிக்கும், வயிறு கழியும், சித்தம் கலங்கும், முடிவில் உயிரும் நீங்கும். ஸ்பெயின் தேசத்து வைத்தியர் காஸ்பார் காசால் 1735-இல் இதனை விவரித்தார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலும் பல்லாயிரவர் இதனால் மாண்டனர். இது தொற்றுநோயன்று, உணவின் குறையே என்பதை 1914 முதல் ஆராய்ந்து காட்டினார் ஜோசப் கோல்ட்பெர்கர். அக்குறையைத் தீர்ப்பது நியாசினே என்பது 1937-இல் கான்ராட் எல்வேஜெம் செய்த ஆராய்ச்சியால் வெளியாயிற்று.

இனி, வீட்டிற் செய்யும் முறையைக் காண்போம். சுண்ணாம்பு நீரிற் பக்குவப்படுத்தி உலர்த்திய சோளமாவு இக்காலத்தில் விலைக்குக் கிடைக்கின்றது. வெறும் சோளமாவு இதற்கு உதவாது, அடை பிய்ந்துபோகும். ஒரு கோப்பை மாவை முக்கால் கோப்பை வெந்நீரும் உப்பும் இட்டுப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் வைத்து, ஆறு உருண்டைகளாக்கி, மெல்லிய வட்டங்களாகத் தட்டிக் காய்ந்த கல்லில் இருபுறமும் சுடுக.

200 கிராம் மாட்டிறைச்சியை நார் ஓடும் திசைக்குக் குறுக்காக மெல்லியதாய் அரிந்து, உப்பும் பூண்டும் எலுமிச்சைச் சாறும் தடவி, மிகச் சூடான கல்லில் விரைந்து வதக்குக. குறுக்கே அரிதலால் நார்கள் குறுகி மெல்லுதற்கு எளியவாகும். நெடுநேரம் வதக்கின் இறைச்சி இறுகும்.

பாற்கட்டி 150 கிராம் வேண்டும். ஓவாஹாக்கா மாகாணத்தில் நூல் நூலாகப் பிரியும் ஒருவகைப் பாற்கட்டி இதற்குச் சிறந்தது. பாலை எலுமிச்சைச் சாற்றால் திரித்தெடுக்கும் கட்டியோ சூட்டில் உருகாது. ஆதலின் அது பயன்படாது.

அடையின் ஒரு பாதியிற் பாற்கட்டியைத் தூவி, இறைச்சியைப் பரப்பி, மீண்டும் பாற்கட்டியைத் தூவி மடித்து, மிதமான தீயில் பக்கத்திற்கு இரண்டு நிமிடம் சுடுக. மேலும் கீழும் உருகும் பாற்கட்டியே இறைச்சியை அடையோடு பிணிக்கும். இறக்கிய உடனே வெட்டாது ஒரு நிமிடம் பொறுத்தல் நலம். இன்றேல் உள்ளீடு வழிந்தோடும்.

பிறநாட்டார் உணவை விரும்பி ஏற்பது எளிது. அவர்தம் அடுக்களை வழக்கங்களைப் பயனற்றவை என்று தள்ளிவிடாது, காரணம் வினவி ஏற்பதே கற்றோர்க்கு அழகு. அங்ஙனம் வினவுவார் இன்மையாலன்றோ, ஒரு பிடி சுண்ணாம்பு தடுத்திருக்கக்கூடிய நோய் இருநூறு ஆண்டுகள் மக்களை வாட்டிற்று!