வங்கி ஏலத்தில் வீடு, கடை வாங்கலாமா?

வாடகைக் கடையிலேயே காலம் தள்ளும் நம்மில் பலருக்கு, நாளிதழில் வங்கி ஏல விளம்பரத்தைக் கண்டால் சபலம் தட்டும். வாராக் கடனுக்காக, 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கிகள் விற்கும் இச்சொத்துக்கள் சில நேரம் மலிவாகவே கிடைக்கின்றன. ஆனால் விதிகள் கறாரானவை.

ஏலம் படிந்தால் அன்றோ, அடுத்த வேலை நாளிலோ முன்வைப்புத் தொகையையும் சேர்த்து 25 சதவீதம் கட்டியாக வேண்டும். மீதியை, விற்பனை உறுதியான 15 நாளுக்குள் கட்ட வேண்டும். வங்கி எழுத்து மூலம் இசைந்தால் மட்டும் மூன்று மாதம் வரை தவணை உண்டு. தவறினால் கட்டிய பணம் பறிமுதல். சென்னை உயர் நீதிமன்றம் வழியாகச் சென்ற ஒரு வழக்கில், 12.27 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தவர் மீதியைக் கட்டத் தவறி, 3 கோடிக்கு மேல் இழந்தார். அந்தப் பறிமுதல் செல்லும் என 2024இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

‘உள்ளது உள்ளபடி’ என்றே விற்பார்கள். வீட்டுவரி, மின்கட்டண பாக்கி பெரும்பாலும் வாங்குபவர் தலையில்தான். எனவே வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள். சொத்து வங்கியின் நேரடி சுவாதீனத்தில் உள்ளதா, காகிதத்தில் மட்டும்தானா என்று கேளுங்கள். உள்ளே குடியிருப்பவரைக் காலி செய்விக்க மாதக்கணக்கில் அலைய நேரலாம்.

குத்தூசி போட்டுப் பார்க்காமல் அரிசி மூட்டை எடுக்க மாட்டோம். ஏலச் சொத்துக்கும் அதே நிதானம் வேண்டும். முழுப் பணத்துக்கும் வழி தெரிந்த பிறகே ஏலம் கேளுங்கள். சரக்கு வாங்கும் முதலில் கை வைக்காதீர்கள்!