‘நோய் இல்லை’ என்பதும் ஒரு தகவல்தான்!

கோமாரி தடுப்பூசி முகாமுக்கு மாட்டை ஓட்டிச் சென்றால், காதில் மஞ்சள் வில்லை இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். இல்லையென்றால் ஒன்றைப் பொருத்தி, அதிலுள்ள 12 இலக்க எண்ணையும் உங்கள் பெயர், ஊர், செல்போன் எண்ணையும் பதிந்துகொள்கிறார்கள். “ஊசியைப் போட்டு அனுப்ப வேண்டியதுதானே, எதற்கு இத்தனை விசாரணை?” என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. வெயிலில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு அந்த அலுப்பு நியாயம்தான். ஆனால் அந்த எண் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை நீங்களே கூடுதலாக இரண்டு தகவல் சொல்வீர்கள்.

தேசிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டம் 2019 செப்டம்பரில் தொடங்கியது. மாடுகளுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை கோமாரி தடுப்பூசி. 4 முதல் 8 மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்குக் கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி, ஆயுளில் ஒரே ஒருமுறை. எந்த மாட்டுக்கு எப்போது ஊசி போட்டார்கள் என்பது ‘பாரத் பசுதன்’ என்ற தேசியத் தரவுத் தளத்தில் ஏறுகிறது.

இது கணக்கு வேலை. இதைவிடப் பெரிய வேலை நோய்க் கண்காணிப்பு. பெங்களூரு எலஹங்காவில் உள்ள ‘நிவேதி’ என்ற மத்திய அரசின் கால்நடை நோய் ஆராய்ச்சி நிறுவனம், ‘நாட்ரெஸ்’ என்ற மென்பொருளை நடத்துகிறது. முந்தைய ஆண்டுகளில் எந்த மாவட்டத்தில் எந்த நோய் எந்த மாதத்தில் வந்தது, மழை எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, கால்நடைகள் எத்தனை என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, இரண்டு மாதம் முன்பாகவே மாவட்ட வாரியாக எச்சரிக்கை தருகிறது. எங்கே முதலில் தடுப்பூசி போடுவது என்று கால்நடைத் துறை திட்டமிட இது உதவும்.

அடைப்பான் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கிருமி வித்தாக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மாடு செத்த அதே இடத்தில், பின்னொரு காலத்தில் மழைக்குப் பிறகு மேயும் மாடு விழலாம். 20 ஆண்டுகளுக்கு முன்பு யாருக்கும் சொல்லாமல் ஒரு மாட்டைப் புதைத்திருந்தால், அந்தக் காட்டை எந்தக் கணினிக்கும் தெரியாது.

இந்த மாதிரி மென்பொருளை வடிவமைப்பவர்களுக்குப் பெரிய தலைவலி கணக்குப் போடுவதில் இல்லை. வெற்றுக் கட்டத்தில் இருக்கிறது. ஓர் ஊரிலிருந்து மூன்று நோய்த் தகவல் வந்திருக்கிறது. பக்கத்து ஊரிலிருந்து ஒன்றும் இல்லை. வரைபடத்தில் முதல் ஊர் சிவப்பு, அடுத்தது வெள்ளை. அந்த வெள்ளைக்கு என்ன பொருள்? நோய் இல்லை என்பதா? டாக்டர் பணியிடம் காலியா? சிக்னல் கிடைக்காமல் பதிவு கைபேசியிலேயே தங்கிவிட்டதா? அல்லது மாடு வளர்ப்பவர்கள் வாயைத் திறக்கவில்லையா? கணினிக்கு நான்கும் ஒன்றுதான். ஒழுங்காகத் தகவல் சொன்ன ஊர் நோயூராகவும், மூடி மறைத்த ஊர் சுத்தமான ஊராகவும் தெரியும். தடுப்பூசி எங்கே போக வேண்டும் என்ற முடிவும் இதையே பார்த்து எடுக்கப்பட்டால், இழப்பு பேசாத ஊருக்குத்தான்.

போலியோ ஒழிப்பில் இதற்கு வழி கண்டார்கள். திடீரெனக் கை, கால் தளர்ந்த குழந்தை யாரும் வராத வாரத்திலும், மருத்துவமனைகள் ‘எண்ணிக்கை 0’ என்று எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பாத இடம் எது என்று உடனே தெரிந்துவிடும்; ஆள் போய் விசாரிப்பார்கள். 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றதில், இந்தச் சுழிய அறிக்கைகளுக்கும் பங்கு உண்டு. கால்நடைக்கான மென்பொருள் எதுவானாலும், ‘இந்த வாரம் நோய் இல்லை’ என்று அழுத்த ஒரு பொத்தான் இருக்க வேண்டும். பொத்தான் இருந்தால் போதாது, அதை அழுத்தவும் ஆள் வேண்டும்.

அடுத்தது, நோயின் பெயரா, அறிகுறியா என்ற கேள்வி. நீங்கள் “வாயில் எச்சில் ஒழுகுது, காலை நொண்டுது” என்கிறீர்கள். பட்டியலில் நோய்ப் பெயர்கள் மட்டும் இருந்தால், பதிபவர் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். பழக்கமான நோய்க்கு அது சரிப்படலாம். இந்தியாவில் தோல் கழலை நோய் முதன்முதலில் 2019-ல் ஒடிசாவில் தெரியவந்தது. அதுபோலப் புதிய நோய் வரும்போது, அதன் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கும்? கண்ணால் கண்டதை அப்படியே பதிய இடம் கொடுப்பதுதான் நல்ல வடிவமைப்பு. மனிதர்களுக்கான நோய்க் கண்காணிப்பில் இதைச் சோதித்துப் பார்த்தது நம் சிவகங்கை மாவட்டத்தில்தான். 2008-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில், கிராம சுகாதாரச் செவிலியர்கள் நோயாளிகளின் அறிகுறிகளைச் செல்போனிலேயே பதிந்து அனுப்பினார்கள். சென்னை ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்கள் நடத்திய இதே சோதனை, இலங்கையின் குருநாகல் மாவட்டத்திலும் நடந்தது. நெல் விவசாயிகளை அதிகம் தாக்கும் எலிக்காய்ச்சல், 2008-ல் இலங்கையில் பெரிதாகப் பரவிய நேரம் அது.

தேதியும் முக்கியம். கோமாரி கிருமி உடலில் புகுந்து 2 முதல் 14 நாளில் நோய் வெளிப்படும். பதிவு செய்த தேதியை மட்டும் வைத்துக்கொண்டு, மாடு எந்தச் சந்தைக்குப் போய் வந்தபோது தொற்றியது என்று கண்டுபிடிக்க முடியாது.

இடமும் அப்படித்தான். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள், அறுவடை முடிந்ததும் தஞ்சாவூர், திருவாரூர் வயல்களில் கிடை போடுகிறார்கள். ஆடு மேய்வது ஓரிடம், உரிமையாளர் முகவரி வேறிடம். முகவரியை மட்டும் கேட்கும் மென்பொருள், திருவாரூரில் வந்த ஆட்டுக்கொல்லி நோயை ராமநாதபுரத்தில் புள்ளி வைத்துக் காட்டும்!

சரி, ஏன் மறைக்கிறார்கள்? காரணம் ஊரறிந்தது. நோய் என்று பேச்சு கிளம்பினால் சந்தையில் விலை விழும், பால் விற்பதும் சிரமமாகும். அதற்காக வாய் மூடினால் என்ன ஆகும் என்பதற்கு, பிரிட்டனில் 2001-ல் நடந்தது உதாரணம். ஒரு பன்றிப் பண்ணையில் வந்த கோமாரி அரசுக்குத் தெரிவிக்கப்படவில்லை. நோய் உறுதியாவதற்குள் சந்தைகள் வழியாக ஆடுகள் நாடெங்கும் போய்விட்டன. கடைசியில் 60 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகளைக் கொன்றார்கள்.

அதற்காகப் பழியை வளர்ப்பவர் தலையில் மட்டும் போட முடியாது. தகவல் சொன்னவருக்குத் திரும்ப ஒரு வார்த்தை வர வேண்டும்: மாதிரி எடுத்தோம், முடிவு இது, பக்கத்து ஊர்களில் ஊசி போடுகிறோம் என்று. மேலே மட்டும் தகவலை உறிஞ்சிக்கொண்டு கீழே எதுவும் தராத மென்பொருளுக்கு, இரண்டாம் முறை யாரும் சொல்ல மாட்டார்கள்.

2009-ல் வந்த கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, பட்டியலில் உள்ள நோய் என்று சந்தேகம் வந்தாலே உரிமையாளர் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ தெரிவிக்க வேண்டும். நோயுற்ற மாட்டைப் பிரித்துக் கட்ட வேண்டும். பொது மேய்ச்சலுக்கும் பொதுக் குட்டைக்கும் விடக் கூடாது. கால்நடை மருந்தகத்தில் நேரில் சொல்லலாம். 1962 என்ற கட்டணமில்லா எண்ணையும் அழைக்கலாம். சொல்லும்போது வில்லை எண், முதல் அறிகுறி தெரிந்த நாள், கடந்த 15 நாளில் மாடு எங்கெங்கே போய் வந்தது ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். மாட்டை விற்றாலும் வில்லை தொலைந்தாலும் மருந்தகத்தில் தெரிவித்துப் பதிவை மாற்றச் சொல்லுங்கள். களப்பணியாளர்கள், நோய் இல்லாத வாரத்திலும் அதை எழுதி அனுப்பலாம்.

மாடு திடீரெனச் செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த ரத்தம் வடிந்தால் அறுக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள். டாக்டர் வந்து பார்த்த பிறகு, குறைந்தது 6 அடி ஆழத்தில் புதையுங்கள். புதைத்த இடத்தின் சர்வே எண்ணையும் அவரிடம் எழுதிக் கொடுங்கள்.