அரையணா எங்கே தங்குகிறது?

தாம்பரத்தைத் தாண்டிச் செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் இரயிலில் காலை வேளையில் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்குவோர் இரு வகையினர். நரசிங்கப் பெருமாளைத் தரிசிக்க வருவோர் சிலர். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு விரையும் வாலிபர் பலர். இவ்வாலிபர்களில் ஊரிலேயே வாடகை அறையெடுத்து, நால்வர் ஐவராய்த் தங்கி, வேலை முடிந்தபின் ஸர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் படிப்போரும் உண்டு. இத்தகையோருக்கு ஒரு மேஜையும், விளக்கும், புத்தகமும் காசின்றிக் கிடைக்கக்கூடிய இடம் பொது நூல் நிலையம் ஒன்றேயாகும். அது யாருடைய பணத்தில் நடக்கிறதென்று கேட்டால், "சர்க்கார் பணத்தில்" என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். அவ்விடை பாதிதான் சரி.

நேயர்கள் தங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்ப்பார்களாக. அதில் 'நூலக வரி' என்றொரு சிறு வரி இருக்கும். வீட்டு வரி ரூபாய் ஒன்றுக்கு இன்று 10 பைசா வீதம் அது வசூலிக்கப்படுகிறது. 300 ரூபாய் வீட்டு வரி கட்டும் குடியானவர் 30 ரூபாயை நூல் நிலையத்துக்கென்றே தனியாகத் தருகிறார். தந்தோம் என்பதையே அறியாமல் தருகிறார் என்பதுதான் விசேஷம்.

இந்த ஏற்பாடு எளிதில் வந்ததன்று. சீர்காழியிலே பிறந்து, ராஜதானிக் கல்லூரியில் கணிதம் போதித்துக் கொண்டிருந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக அமர்ந்தார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1930-இல் காசியில் கூடிய ஆசியக் கல்வி மாநாட்டில் அவர் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தைச் சமர்ப்பித்தார். சட்டம் வரும்வரை கை கட்டி நிற்க மனமில்லாதவர்களும் இருந்தனர். 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியிலே புத்தகங்களை ஏற்றிக் கிராமந்தோறும் அனுப்பினார். வண்டி மாட்டுக்குத் தீவனம் எந்த நிதியிலிருந்து என்று அவர் ஒரு கமிட்டியையும் கேட்டுக் காத்திருக்கவில்லை போலும்!

பிற்பாடு, சுயராஜ்யம் வந்த மறு வருஷமே, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாயிருந்த காலத்தில், 1948-ஆம் வருஷத்துச் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. சுதேச சமஸ்தானங்களை நீக்கிப் பார்த்தால் பாரத தேசத்திலேயே இத்தகைய சட்டங்களில் இது முதலாவது. 1950 ஏப்ரல் முதல் அது அமலுக்கு வந்தது. 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் அன்று முதல் மாகாணத்தின் தலைமை நூலகமாயிற்று.

அச்சட்டத்தின் உயிர்நிலை எங்கே இருக்கிறது? நூலகர் நியமனத்திலன்று, கமிட்டிகளிலன்று. அந்த அரையணாவில் இருக்கிறது. சொத்து வரி ரூபாய்க்கு ஆறு தம்பிடி, அதாவது அரையணா, நூலக வரியென ஆதியில் விதிக்கப்பட்டது. நயா பைசா வந்தபின் அது 3 பைசாவாகிப் பிறகு ஐந்தாகிப் பத்தாக வளர்ந்தது. ஜில்லாதோறும் ஒரு நூலக ஆணைக்குழு, அதற்கென ஒரு நிதி. சென்னை நகரமும், அந்நாளில் நம்முடன் சேர்ந்திருந்த மலபாரும் நீங்கலாக, மற்ற ஜில்லாக்களில் வசூலாகும் தொகைக்குக் குறையாமல் சர்க்காரும் தன் பங்கைச் சேர்க்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இதன் அருமையை அறிய இங்கிலாந்தின் கதையைச் சற்றே பார்க்கலாம். அங்கே 1850-ஆம் வருஷத்துச் சட்டம் பவுனுக்கு அரைப் பென்னிக்கு மேல் வரி கூடாதென்றது. அப்பணத்தில் கட்டடம் கட்டலாம், புத்தகம் மட்டும் வாங்கலாகாது! 1855-இல் அது ஒரு பென்னியாயிற்று, புத்தகம் வாங்கவும் அனுமதி கிடைத்தது. ஆயினும் அந்த ஒரு பென்னிக் கட்டு 1919 வரை அவிழவில்லை. அங்கும் ஓர் ஊர் இவ்வரியை விதிப்பதும் விதியாததும் அவ்வூராரின் இஷ்டம். நம் சட்டமோ 'விதித்தே தீர வேண்டும்' என்றது.

தனி வரியின் பயன் வேறொன்றும் உண்டு. சர்க்காரின் மனம் மாறக்கூடியது. 2010-இல் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை, 2011-இல் ஆட்சி மாறியதும் குழந்தைகள் மருத்துவமனையாக்க முடிவு செய்தார்கள். ஹைகோர்ட்டு தலையிட்டுத் தடுத்தது. மாளிகைக்கு வந்த ஆபத்து பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்தது. கிராமத்து நூல் நிலையம் மெல்லத் தேய்ந்தால் யார் எழுதுவார்? அதற்குக் காவல் அந்தப் பத்துப் பைசாவே.

அக்காவலிலேதான் ஓட்டை விழுந்திருக்கிறது. வரியை வசூலிப்பது ஊராட்சியும், நகராட்சியும், மாநகராட்சியும். செலவிடுவது நூலக ஆணைக்குழு. வசூலித்தவர் செலுத்தியாக வேண்டுமென்று சட்டம் சொல்கிறது. ஆனால் உள்ளாட்சிகள் நூலக வரியைப் பல வருஷம் கட்டாமல் கோடிக்கணக்கில் பாக்கி வைத்திருப்பதாகச் செய்தி வருவது நமக்குப் புதிதன்று. ஸ்தல ஸ்தாபனங்களின் கஷ்டத்தை நாம் அறியாதவர்களல்லோம். தெரு விளக்கு, குடிநீர், துப்புரவு, ஊழியர் சம்பளம் என்று ஆயிரம் செலவு வாசலில் நிற்கும்போது, கையிலுள்ள பணத்தை எடுத்துச் செலவிடச் சபலம் தட்டுவது இயற்கை. ஆயினும் இதை எழுதுகிறவன் ஒரு வக்கீல். ஒருவருக்கென்று வாங்கிய பணத்தை வேறொன்றுக்குச் செலவழித்த தர்மகர்த்தா, "கோவிலுக்கு எண்ணெய்தானே வாங்கினேன்" என்று சொல்லித் தப்பியதை எந்த நீதிஸ்தலத்திலும் கண்டதில்லை. நூலக வரி ஊராட்சியின் வருமானமன்று. அதன் பெட்டியில் சில நாள் தங்கிச் செல்லும் அடைக்கலப் பொருள்.

அது தங்கிவிடுவதால் விளையும் தீங்கு கண்ணுக்குத் தெரிவதில்லை. நூல் நிலையம் இடிந்து விழுவதில்லை. நாளிதழ் ஒன்று நிற்கிறது. சென்ற வருஷத்துப் பரீட்சைப் புத்தகமே இவ்வருஷமும் கிடக்கிறது. ஓய்வு பெற்ற நூலகரின் நாற்காலி காலியாக நிற்க, அடுத்த ஊர்க்காரர் வாரத்தில் சில நாள் வந்து பூட்டைத் திறக்கிறார். நூலகங்களுக்கு விற்பதையே நம்பி அச்சிடும் தமிழ்ப் பதிப்பாளர், பில்லுக்குப் பணம் வராமல் அடுத்த நூலைத் தள்ளிப் போடுகிறார். நாடெங்கும் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பொது நூல் நிலையங்களைக் கட்டி வளர்த்த ஏற்பாடு இது. 1972-இல் இவற்றுக்கென்றே தனி இலாகாவும் அமைத்தாயிற்று. இலாகா இருந்து பயனென்ன, பணம் வழியில் தங்கினால்?

சிங்கப்பெருமாள் கோவில் போன்ற ஊர்களில் விஷயம் இன்னும் கூர்மையானது. வயலாயிருந்த இடமெல்லாம் வீட்டு மனையாகி, மாடி வீடுகளும் பண்டகசாலைகளும் எழுந்திருக்கின்றன. கட்டடம் பெருகினால் வீட்டு வரி பெருகும். அத்துடன் நூலக வரியும் தானே பெருகும். வானம் பார்த்த பூமியுள்ள ஜில்லாக்களுக்கு இப்பாக்கியம் இல்லை. அங்கே வரி வசூலே சொற்பம். சர்க்காரின் பங்கு தவறாமல் வந்தாலன்றி அவை நிமிர முடியாது. வளமுள்ள இடத்திலேயே பணம் நூல் நிலையத்தை எட்டவில்லையென்றால் அதற்கு வறுமையைக் காரணம் சொல்ல வழியில்லை.

அரசியலில் உழைக்கும் நண்பர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒரு சிறு காரியம். கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய தினங்களில் கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவு அங்கே படிக்கப்படுகிறது. அப்பொழுது எவரேனும் ஒருவர் எழுந்து, நூலக வரியாக வசூலானது எவ்வளவு, ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, எந்தத் தேதியில், ரசீது எங்கே என்று நான்கு கேள்வி கேட்கட்டும். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதும்படியும் கேட்கட்டும். நகரவாசிகள் தங்கள் வார்டு மெம்பரைக் கொண்டு இதே கேள்விகளை மன்றத்தில் கேட்பிக்கலாம். கிடைக்கும் பதில்களை நமக்கு எழுதியனுப்பினால், தொகையையும் தேதியையும் ஊர்ப்பெயருடன் இப்பக்கத்திலேயே வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.