வென்ற பின்னும் விழிப்பு வேண்டும்

இரைப்பைப் புற்றுநோயை முளையிலேயே கண்டு களைவதில் முன்னின்ற நாடு ஜப்பான். 1962-ல் 'ஆரம்ப இரைப்பைப் புற்று' இன்னதென வரையறுத்தவர்களும் அந்நாட்டு வைத்தியர்களே. அங்கு அந்நிலையில் சிகிச்சை பெறுவோரில் 100-க்கு 90-க்கு மேற்பட்டோர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்கின்றனர். மகிழ்கிறோம்.

ஆயினும், பிழைத்தவரை வேறோர் அபாயம் தொடர்கிறது. அது பழைய நோயின் எச்சமன்று. எஞ்சிய இரைப்பையிலோ, பெருங்குடலிலோ, நுரையீரலிலோ தனியே தோன்றும் இரண்டாம் புற்று. முதுமையும் புகையிலையும் அதற்குத் துணை. இத்தகைய நோயாளிகளைக் கொண்டு கொரியாவில் நடந்து 2018-ல் வெளியான ஆராய்ச்சியில், ஹெலிகோபாக்டர் கிருமியை ஒழிக்க மருந்துண்டவரில் 7.2 சதவீதத்தினருக்கும், மற்றையோரில் 13.4 சதவீதத்தினருக்கும் இரைப்பையில் புதுப் புற்று தோன்றிற்று.

ஆகவே, 'குணமாயிற்று' என்று அனுப்பிவிடுவதோடு வைத்தியர் கடமை தீராது. கிருமியை ஒழித்தல், புகையிலையை விடுத்தல், தவறாத பரிசோதனை ஆகிய மூன்றையும் அவர் வற்புறுத்த வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம்.