கோடும் வண்ணமும் – 14: நகரும் வரிகள்

பள்ளி திறக்கும் மாதத்தில் பாண்டி பஜாரில் வாங்கும் வண்ணம் தீட்டும் புத்தகங்களில் ஒரு பவளப்பாறை மீனாவது இருக்கும். வெளிக்கோடு, அதற்குள் ஸ்கேல் வைத்து இழுத்த நேர்வரிகள். தி.நகரில் ஓவியம் கற்கும் பிள்ளைகள் அதிலேயே கை பழகி, எந்த மீன் வரைந்தாலும் அதே வரிகளைப் போடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. அதனால் இந்த வாரம் ஒரே மீன்: எம்பரர் ஏஞ்சல். நம் மன்னார் வளைகுடாவிலும் இருக்கிறது.

வளர்ந்த மீன் 40 செ.மீ. வரை போகும். நீல உடம்பில் மஞ்சள் வரிகள், கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டை, மஞ்சள் வால். குஞ்சு வேறு மாதிரி. கருநீல உடம்பில், வால் பக்கத்துப் புள்ளி ஒன்றைச் சுற்றி வெள்ளையும் வெளிர்நீலமுமாக வளையங்கள்.

பெர்லின் மருத்துவர் மார்க்கஸ் எலியேசர் ப்ளோக் 1787-இல் வளர்ந்த மீனுக்குப் பெயர் வைத்தார். அவருடைய மீன் நூல் வரிசையில் கையால் வண்ணம் தீட்டிய படங்கள் 432. தரங்கம்பாடி மிஷனரி ஜான் அனுப்பிய மீன்களும் அதில் உண்டு. தூர தேசத்து மீன்கள் பல சாராயத்தில் ஊறித்தான் அவர் மேஜைக்கு வந்தன. மஞ்சளும் சிவப்பும் அதில் கரைந்துபோகும். அவர் இறந்தபின் 1801-இல் வந்த நூலில், இந்த மீனின் குஞ்சு நிக்கோபாரின் பெயரில் தனி இனமாக ஏறிவிட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஜாடியில் கிடக்கும் இரண்டு உடல்களில் ஒன்று வளர்ந்து மற்றதாகும் என்று யாருக்குத் தெரியும்?

உயிருள்ள மீனைத் தொட்டியில் வைத்து வாரக்கணக்கில் கவனித்தவர்கள் ஜப்பானின் கோண்டோவும் அசாயும். கண்டதை 1995-இல் வெளியிட்டார்கள். மீன் வளரும்போது வரிகள் தடிப்பதில்லை. இடைவெளி மாறாமல் எண்ணிக்கை கூடுகிறது. ஒரு வரி ஓரிடத்தில் கவையாகப் பிரியும். அந்தக் கவை, ஜிப் திறப்பதுபோல, உடம்பு நெடுக நகர்ந்து போகும். ஒன்று இரண்டாகிவிடும்.

இப்படி நடக்க முடியும் என்பதற்கான கணிதத்தை 1952-லேயே எழுதியவர் ஆலன் டூரிங். தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் ஒரு பொருள். அதை அடக்கியபடி அதைவிட வேகமாகப் பரவும் இன்னொரு பொருள். இரண்டும் சேர்ந்தால் வெறும் பரப்பில் வரிகள் தாமாக எழும். டூரிங்கின் அப்பா சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி, அம்மா பிறந்தது கோவைக்குப் பக்கத்தில் போத்தனூரில். பிள்ளைகளிடம் இதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இனி பென்சில். பக்கவாட்டில் பார்த்தால் முட்டை வடிவம். முதலில் கண் பட்டையைப் போட்டுவிடுங்கள், முகம் நின்றுவிடும். பிறகு செவுளுக்குப் பின்னாலிருந்து வால் பக்கமாகச் சற்றே மேலேறும் வரிகள். உடம்பு அகலும் இடத்தில் வரியைத் தடிக்க விடாமல், ஒன்றைக் கவையாகப் பிரித்துப் புதிய வரியை நுழைத்துவிடுங்கள். பெரிய மீனுக்கு வரிகள் அதிகம், இளசுக்குக் குறைவு. வாட்டர் கலரில் மஞ்சள் வரிகளை முதலில் தீட்டி நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் நீலம் பட்டால் பச்சையாகிவிடும். கவை எங்கே வரவேண்டும் என்று விதி கிடையாது; ஒரே மீனின் இரண்டு பக்கமும்கூட ஒத்துப்போக வேண்டியதில்லை. கொளத்தூரில் கடல்மீன் விற்கும் கடைக்குப் போனால், மீன் திரும்பும்வரை பொறுத்து, அதன் இரண்டு பக்கத்தையும் வரைந்துகொள்ளுங்கள்.